பட்டாம்பூச்சி உட்கார்ந்த இலை

காட்டுப் படங்களில் மனிதர் தெரிந்தால் அந்தப் புதுவகைக் கேமராவே அவரை அழித்துவிட்டு, அந்த இடத்தைச் செடிகொடியால் நிரப்பிவிடும். பறவைகளைப் படமெடுக்கும் சுடர்விழிக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

கோடைதோறும் வால்பாறைக் காட்டுக்குக் கூடவே வந்த கணவன் மகிழன் இறந்தபின், காட்டில் சிரித்தபடி நின்ற அவன் முகத்தைத் தன் படங்களில் தேடினாள். இருவாச்சி இருந்தது, மரங்கொத்தி இருந்தது. அவன் எதிலும் இல்லை.

“அழிச்சது அழிச்சதுதான் மேடம். திரும்ப எடுக்க வராது,” என்றார் கேமராக் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தாள். ஒரு படத்தில் அகன்ற இலைமேல் நீலப் பட்டாம்பூச்சி. அன்று அது வியர்வை குடிக்க மகிழனின் உள்ளங்கையில்தான் உட்கார்ந்தது. “சீக்கிரம் எடுடி, கூசுது,” என்று சிரித்தான்.

அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, மாலையும் போட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள், “அவர் படம் ஒண்ணுகூட மாட்டலையா?” என்றார்கள்.