மஞ்சள் கோடு

"மறுபடியும் வந்துட்டியா? என் கடை இன்னா ஒனக்கு மாமியார் வூடா?"

ஒரகடம் கூட்டு ரோட்டோரம் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கம் ஸ்பேனரைக் கீழே போட்டார். பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்ற இசக்கிபாண்டி, வெயிலில் வெந்த முகத்தோடு சிரித்தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இரண்டு கையிலும் கம்பெனிகளில் கொடுக்கிற துணிக் கையுறை.

"கிளட்ச் இன்னும் இழுக்கு அண்ணாச்சி. பிடிச்சாலும் விட மாட்டேங்கு. கியரப் போட்டா வண்டி குதிக்கு."

"கேபிள் புச்சு. பிளேட்டு புச்சு. ஆயிலும் மாத்தியாச்சு. இன்னும் இன்னாத்த மாத்தறது? ஒன்னத்தான் மாத்தணும்."

வண்டி கொண்டுவருகிறவன் சொல்வதை நம்புகிற வழக்கம் பொன்னுரங்கத்துக்குக் கிடையாது. வண்டிக்கு என்ன என்று வண்டிதான் சொல்ல வேண்டும் என்பார். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்தார். சுற்றிய பின்சக்கரத்தில் செருப்புக் காலை வைத்ததும் அது சாதுவாக நின்றது. ரோட்டிலும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"வெண்ணெ மாதிரி கீது. எங்க இழுக்குது?"

"எனக்கு மட்டும் இழுக்குதே அண்ணாச்சி."

"எனக்கு நிக்குது, ஒனக்கு மட்டும் இழுக்குதா? வண்டி இன்னா ஆள் பாத்தா வேலை செய்யுது? உண்மையச் சொல்லு, எவன் அனுப்புனான் ஒன்ன? எதிர்க்கடைக்காரனா?"

இசக்கிபாண்டியின் சிரிப்பு போய்விட்டது.

"இல்ல அண்ணாச்சி. ஹெட்லைட் கம்பெனியில சாம்பிள் கொண்டுபோற வேலை. சொந்த வண்டியோட வரச் சொன்னாவ. போன வாரம் ஓட்டிக் காட்டும்போது கேட்டுல மஞ்சக் கோட்டத் தாண்டிக் குதிச்சிட்டு. இன்னைக்கும் குதிச்சா வேற ஆளப் பாத்துக்கிடுவாவ. பொறவு நான் ஊருக்குத்தான் பஸ் ஏறணும்."

"முன்னாடி எங்க இருந்த?"

"ஒரு பிரஸ் ஷாப்புல, இரும்புத் தகடு அடிக்கிற மிஷின்ல. நிறுத்திட்டாவ."

"மிஷின் முன்னாடி தூங்குனியா?"

இசக்கிபாண்டி வண்டியைத் திருப்பினான்.

"கிளட்ச இனி நம்பல அண்ணாச்சி. ஒரு வாரமா வேற மாதிரி ஓட்டிப் பழகுதேன். வாரேன், நேரமாச்சு."

"இரு. நானும் பின்னாடி குந்திக்கினு வரேன். பொய்யி எங்க கீதுன்னு இன்னிக்குப் பாத்துடறேன்."

இசக்கிபாண்டி நியூட்ரலிலேயே எஞ்சினைக் கிளப்பி, காலால் உந்தினான். சக்கரம் உருளத் தொடங்கியதும் முதல் கியரைத் தட்டினான். லேசாக ஓர் உதறல், அவ்வளவுதான். இரண்டாவதுக்கு ஆக்சிலேட்டரைத் துளி தளர்த்தினான். கியர் விழுந்த சத்தமே இல்லை. மூன்றாவதும் அப்படித்தான். பொன்னுரங்கம் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கிளட்ச் லிவர் அசையவே இல்லை. இடது கை ஹேண்டில்பாரின் மேல் சும்மா கிடந்தது.

கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. 'செத்தோம்டா' என்று பொன்னுரங்கம் சீட்டுக் கம்பியைப் பிடித்தார். இசக்கிபாண்டி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டான். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்குகிறவனைப் போல ஒவ்வொரு கியராக இறக்கினான். குலுக்கலே இல்லை.

பொன்னுரங்கம் வண்டியை அடக்கி ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். வண்டியைக் கேட்டுக் கேட்டு ஓட்டுகிறவனை இப்போதுதான் பார்க்கிறார். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஹெட்லைட் கம்பெனி வாசலில் சூப்பர்வைசர் ஷெர்லின் அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தாள்.

"அதே வண்டிதானா? உள்ள கண்ணாடி இருக்கு. யார்டுல ஒரு ரவுண்டு வந்து கோட்டுல நிக்கணும். பெட்டி ஆடக் கூடாது."

பொன்னுரங்கம் இறங்கிக்கொண்டார். பெட்டியைக் கட்டிக்கொண்டு வண்டி யார்டைச் சுற்றியது. வேகத்தடை ஏறி இறங்கி, கேட்டை நோக்கி வந்தது. வரவர எஞ்சின் சத்தம் தணிந்தது. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது இசக்கிபாண்டியின் பாதம் மெல்ல அசைந்தது. நியூட்ரல். முன்சக்கரம் மஞ்சள் கோட்டின் மேல் வந்து, ஏதோ அங்கேயே முளைத்ததுபோல் நின்றது. பெட்டிக்குள் ஒரு கண்ணாடிகூட முனகவில்லை.

பொன்னுரங்கம் தன்னையறியாமல் கும்பிடப் போன கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"நாளைக்கு ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஷெர்லின் பெட்டியோடு உள்ளே போனாள்.

பொன்னுரங்கம் பாய்ந்து வந்தார்.

"யோவ்! ஐயனாரு குதிரை ஏறுன மாதிரி ஓட்டுறியே! அப்புறம் எதுக்குய்யா கிளட்ச்சு கிளட்ச்சுன்னு என் உசுர எடுத்த? அத்த ஒழுங்காப் புடிச்சாத்தானே விடும்! இப்டி, நல்லா அழுத்திப் புடி!"

அவன் இடது கையை இழுத்து லிவரின் மேல் வைத்து, தன் கையால் சேர்த்து அழுத்தினார்.

கையுறையின் நடுவிலிருந்த மூன்று விரல்களும் அவர் பிடிக்குள் பொதபொதவென்று அமுங்கின. உள்ளே வெறும் பஞ்சு.

இசக்கிபாண்டி கேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"எனக்கு மட்டும்தான் இழுக்குன்னு சொன்னேம்லா, அண்ணாச்சி."