தண்ணீர் பட்டால் மூடும் இமை

ஒவீடியோ வானத்திலிருந்து உரித்தோர்கோ மலைமேல் இறங்கியவன் என்பது மனைவி நெலிடாவுக்கு மட்டுமே தெரியும். அவர்கள் மகளுக்கு முகத்தில் தண்ணீர் பட்டால், மூக்கோரத்திலிருந்து இன்னொரு இமை வந்து மூடும்.

"இந்தப் பூமியில எங்கள மாதிரி நானும் மகளும் ரெண்டே பேருதான்" என்று அவன் நெலிடாவிடம் சத்தியம் செய்திருந்தான்.

நெலிடாவின் தங்கை ஓல்காவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஒவீடியோதான் ஞானத்தகப்பனாக வேண்டுமென்று ஓல்கா பிடிவாதம் பிடித்தாள்.

"சகல, அது புள்ள! அடுப்புல வாட்டுற ஆட்டுக்குட்டி மாதிரி பிடிக்காதீங்க" என்றான் ஓல்காவின் கணவன் ருஃபினோ. எல்லாரும் சிரித்தார்கள்.

சாமியார் தண்ணீரை ஊற்றப்போனார். ஓல்கா சட்டென்று குழந்தையின் கண்களைக் கையால் பொத்தினாள்.

"கையை எடும்மா, தண்ணிதானே!" என்றார் சாமியார்.

அவள் எடுக்கவில்லை.

இத்தனை வருடமும் நெலிடா தன் மகளுக்கு அப்படித்தான் பொத்தி வந்தாள். ஏனென்று தங்கையிடம் அவள் சொன்னதேயில்லை.