ஆட்டாத கோப்பை

மாதபாவில், இளம் வயதில் இறந்த ராக்கானுக்காக அவனுடைய தாய்மாமன்மார் போட்ட துக்கப் பந்தல். கசப்புக் காப்பி ஊற்றிய ஃபவ்வாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதுமென்றால் கோப்பையை ஆட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போவதுதான் வழக்கம். தலைத்துண்டால் பாதி முகத்தை மூடியிருந்த பெரியவரோ ஏழாவது முறையும் ஆட்டாமல் நீட்டினார்.

"எழவுக்கு வந்தீங்களா, ஓசிக் காப்பிக்கு வந்தீங்களா?" என்று கத்தினான்.

"ஆட்டிட்டா எந்திரிக்கணுமே, தம்பி" என்று கிசுகிசுத்தார் அவர். "எம்புள்ளைக்காக உட்கார எனக்கு வேற எடமில்ல. தலாக்குக்கு அப்புறம் பதினோரு வருஷமா அவனைக் கண்ணுலயே காட்டல, இந்த மாமன்காரங்க."

ஃபவ்வாஸ் அவரை மறைத்து நின்று எட்டாவதை ஊற்றினான்.

அவன் போட்ட சத்தத்துக்கு, வாசலில் நின்ற மாமன்மார் அதற்குள் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.