எட்டுத் தொடுதல்
ஆம்பூர் ஷூ தொழிற்சாலையின் கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சத்தில் சந்திரா அக்கா தோல்களைத் தரம் பிரிக்கிறார். உள்ளங்கையால் ஒருமுறை தடவுகிறார், கீறல் தட்டுப்படுகிறது, ஓரத்தில் சாக்பீஸால் 'பி' என்று எழுதித் தள்ளுகிறார். நான்கே நொடி. புதிதாக வந்த டேப்லெட்டில் அதே வேலைக்கு எட்டுத் தொடுதல். மாலை வகுப்பில் இப்போதுதான் கம்ப்யூட்டர் கற்கும் நான் தவறாக எண்ணியிருப்பேனோ என்று மறுபடி எண்ணுகிறேன். எட்டுதான். எண்ணெய் ஏறிய அவர் விரலைத் திரை கண்டுகொள்வதும் இல்லை. டேப்லெட்டில் பதியாதவர்களின் பட்டியலை இங்கே கணக்கு எழுதும் நான்தான் எழுத வேண்டும். அதில் பெயர் ஏறினால் நாளை முதல் இந்த மேசை இல்லை, பேக்கிங்தான். "இன்னாக்கா, கத்துக்கினா போச்சு. ரெண்டாவது படிக்கிற என் பொண்ணே தட்றா" என்கிறார் சூப்பர்வைசர் பார்த்திபன். "அப்ப அவளையே கூட்டியாந்து தோல் பாக்கச் சொல்லுங்க சார்." பக்கத்து மேசைகளில் சிரிப்பு. அக்கா டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து நிறுத்துகிறார். அடுத்த தோலைத் தடவி எழுதி, இரண்டு கையாலும் தூக்கி, சாக்பீஸ் எழுத்தை டேப்லெட்டின் கேமராவுக்கு நேராகப் பிடிக்கிறார். "இதுக்கும் கண்ணு வெச்சிருக்காங்க இல்ல? அதுவே பாத்து எழுதிக்கட்டும். என் கண்ணு தோல் மேலதான் இருக்கும்." தூக்கிய கை இறங்கவில்லை. எழுது என்பதுபோல் பார்த்திபன் என்னைப் பார்க்கிறார். பட்டியலைத் திறக்கிறேன். பெயர்க் கட்டத்தில் டேப்லெட்டின் எண்ணை எழுதுகிறேன். காரணம் என்ற கட்டத்தில், எட்டுத் தொடுதல்.