ஐம்பத்து நான்காம் எண் ஆட்டக்காரன்

அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு இயந்திரம் தயாரித்த அதன் தொகுப்புப் படத்தை ஒரு மனிதக் கண் பார்த்து, 'எல்லாம் உண்மை' என்று கையெழுத்திட வேண்டும். ஓசூர் அலுவலகத்தில் அந்தக் கண் அமுதவல்லி.

படத்தில், பதினோராம் வார ஆட்டத்தில் ஒருவன் வந்து மோதியதில், சட்டையில் ஐம்பத்து நான்காம் எண் போட்ட ஆட்டக்காரனின் முழங்கால் மடங்கியது. தரையில் கையூன்றித்தான் எழுந்தான். பன்னிரண்டாம் வாரத்திலோ துள்ளி எழுந்து ஓடினான்.

அமுதவல்லியின் அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றியவர். முழங்கால் போன ஆள் எப்படி எழுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், இது அவன் இல்ல. மிஷினு வரைஞ்சது."

"அமெரிக்காக்காரன் முட்டிக்கு நீ என்னம்மா டாக்டரா?" என்று சிரித்தார் மேலாளர் நஞ்சப்பா.

"காயமில்லாம ஆடுனான்னு நான் கையெழுத்துப் போட்டா, அவனுக்கு வைத்தியம் யாரு சார் பார்ப்பாங்க?"

நஞ்சப்பா திரையைத் திருப்பினார். 'எல்லாம் உண்மை' என்பதன் கீழ் அந்த ஆட்டக்காரனின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

"அவனே ஒத்துக்கிட்டான். உனக்கென்ன?"

அவள் அதை உற்றுப் பார்த்தாள். "இதையும் மிஷினுதான் போட்டுச்சா சார்?"

நஞ்சப்பா குரலைத் தாழ்த்தினார். "உன் கையெழுத்தையும் அந்த மிஷினே போட்டுடும்மா. நீயே போட்டுட்டா உன் வேலையாச்சும் மிஞ்சும்."

அமுதவல்லி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் கதவைத் தாண்டுமுன் திரையில் அவள் கையெழுத்து விழுந்தது.