ஷாம்பு நுரை
"கம்ப்யூட்டருக்குத் தெரியாத ஓட்டை இந்த உலகத்துலயே கிடையாது" என்கிறான் உத்திரமேரூர் ஒர்க்‌ஷாப் முதலாளி வரதன். டாக்சி மோகன் வண்டியில், இன்ஜினுக்குக் காற்று போகும் டர்போ குழாயில் ஷாம்பு தண்ணி தெளித்துக் காற்றுக் கசிவு தேடிய மெக்கானிக் ஐசக்கை, "வண்டிய இன்னாடா குளிப்பாட்டிக்கினு கீற?" என்று ஊர் சிரிக்கக் கேட்டு நேற்றுதான் விரட்டிவிட்டான். வண்டியோடு இணைத்த லேப்டாப் திரையில் கோளாறே இல்லையென்று எல்லாம் பச்சையாகவே இருக்கிறது. "மூணாவது வாட்டி வந்துகீறேன்ணா. இப்பவும் வண்டி இழுக்கலன்னா காஞ்சிவரம் எடுத்துக்கினு பூடுவேன்" என்று டாக்சி மோகன் டீக்கடைக்கு நகர்கிறான். அவன் போனால் டாக்சி ஸ்டாண்டே பின்னால் போய்விடும். பானட்டில் வெயில் கொதிக்கிறது. வரதன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறான். குழாய்க்குள் காற்றடிக்கும் கம்ப்ரசர் தடதடக்க, ஐசக் நேற்று சாக்பீஸால் வட்டம் போட்ட அதே கிளாம்புக்கு அடியில் நுரை பொங்குகிறது. மோகன் திரும்புவதற்குள் நுரையோடு வட்டத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறான்.