ஆறாம் பக்கம்

"நோட்டீஸ், இந்த வாட்டி கைநழுவிப் போகக் கூடாதுய்யா. நாலு மாடிக் கடை, இருபத்திரண்டு காவலாளி. படிச்சதும் கையெழுத்துப் போடற மாதிரி ஒரு புரொபோசல் எழுது."

"சரிங்க சார்" என்று முதலாளியிடம் தலையாட்டினார் நோட்டீஸ்.

இந்த செக்யூரிட்டி கம்பெனியில் அவரும் ஒரு காலத்தில் காவலாளிதான். முதலாளிக்கு எதிராகத் துண்டறிக்கை எழுதி இதே அலுவலக வாசலில் கொடுத்ததால் 'நோட்டீஸ்' என்ற பெயர் வந்தது, வேலை போனது. பதினாறு வருடம் கழித்து, எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமென்று முதலாளியே கூப்பிட்டனுப்பினார். முதலாளிகளுக்கு ஆளைத் துரத்தவும் தெரியும், வாங்கவும் தெரியும்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. நமக்கு என்ன வேணும்னு எழுதாதே. அவங்களுக்கு என்ன லாபம்னு எழுது. அந்தக் காலத்துல நீ எழுதினதெல்லாம் ஏன் எடுபடலை? 'வேண்டும், வேண்டும்'னே எழுதினே."

நோட்டீஸ் அதையும் குறித்துக்கொண்டார்.

வெளியே, அலுவலக வாசலில் நின்ற காவலாளியம்மா மறித்தாள். கால் வீங்கி, ஷூ நாடா அவிழ்ந்து கிடந்தது.

"அந்தக் கடைக்கு என்னைத்தான் போடப் போறாங்களாம் அண்ணே. அங்கேயும் பன்னிரண்டு மணி நேரம் நின்னே ஆகணுமாம். காலைப் பாருங்க."

"பார்த்தேன்மா."

"பார்த்து என்ன பண்ண? அன்னிக்கு எங்களுக்காக எழுதினீங்க, இன்னிக்கு அவருக்காக எழுதறீங்க. பேனா மட்டும் அதே பேனாதானா?"

"இல்லம்மா. இது கம்பெனி பேனா."

"அதான் தெரியுதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நோட்டீஸ் எழுதி வந்த புரொபோசலில் முதலாளி முதல் பக்கத்தையும் விலைப் பக்கத்தையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

அடுத்த வாரம் கடையின் மேலாளர் நேரிலேயே வந்தார்.

"ஏழு கம்பெனி புரொபோசல் கொடுத்தாங்க சார். ஆறு பேர் தங்களைப் பத்தியே அளந்திருந்தாங்க. உங்க ஆறாம் பக்கம்தான் எங்களை யோசிக்க வச்சது."

"ஆறாம் பக்கமா?"

"மூணு மணி நேரம் நின்ன காவலாளி தன் காலைத்தான் பார்ப்பான், வர்றவன் கையைப் பார்க்க மாட்டான்னு எழுதியிருந்தீங்களே. எங்க கடையில நடக்கற திருட்டெல்லாம் சாயங்காலம்தான். அதனால வாசலுக்கு வாசல் நாற்காலி போட்டுடறோம். ஒப்பந்தத்துலயே சேர்த்தாச்சு."

திறந்திருந்த கதவுக்கு வெளியே காவலாளியம்மா திரும்பிப் பார்த்தாள்.

முதலாளி ஆறாம் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தார். நோட்டீஸை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேலாளரிடம் சிரித்தார்.

"அது எங்க கம்பெனியோட ரொம்ப நாள் கொள்கை சார்."

"ஆமாங்க" என்றார் நோட்டீஸ்.

பதினாறு வருடத்துக்கு முன் அவர் வேலையைப் பறித்த துண்டறிக்கையில், அது மூன்றாவது கோரிக்கை.